அப்பாவின் காகிதங்களும் அவர் குரலும்

என் அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். 1971-இல் கலாசியாக, அதாவது உதவித் தொழிலாளியாகச் சேர்ந்து, படிப்படியாக டிரேடு டெஸ்ட் எழுதி மேலே வந்து, 2009-இல் ஓய்வு பெற்றார். 2023 ஆடி மாதத்தில் ஒரு விடியற்காலையில், எந்தத் தொந்தரவும் யாருக்கும் கொடுக்காமல், வீட்டிலேயே தூக்கத்தில் காலமானார். நான் அவருக்கு ஒரே பெண். என் கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். காரியத்துக்கு வந்து, விடுப்பு முடிந்ததும் திரும்ப வேண்டியிருந்தது. ஆகவே பதினாறாம் நாள் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகு, அப்பாவின் காகித வேலைகளை முடிப்பதும், அவருடைய வாழ்க்கையைப் பேரப்பிள்ளைகளுக்காக ஒரு சிறு மலராகத் தொகுப்பதும் ஆகிய இரண்டும் என் ஒருத்தியின் தலையில் விழுந்தன. முதல் வேலைக்கு அலுவலகங்களாவது வழி சொல்லும். இரண்டாவதற்கு வழி சொல்ல ஒருவரும் இல்லை. அதோடு, முதல் வேலை இழுத்துக்கொண்டே போக, இரண்டாவது வேலைக்கு வேண்டியவை ஒவ்வொன்றாகக் கை நழுவும் என்பதையும் யாரும் எச்சரிக்கவில்லை. இன்னொருவருக்கு அந்த எச்சரிக்கை முன்கூட்டியே கிடைக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அப்பா எப்படிப்பட்டவர் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2014-இல் கணவர் வெளிநாடு போனபோது, நான் இரண்டு பிள்ளைகளோடு அப்பா வீட்டுக்கு வந்தேன். மகளுக்கு அப்போது ஏழு வயது, மகன் ஒரு வயதுக் குழந்தை. மறுநாள் காலையே அப்பா தம்முடைய பழைய சைக்கிளின் முன் கம்பியில் ஒரு சிறு இருக்கையைப் பொருத்திவிட்டார். கடையில் வாங்கியதல்ல, தகரத்தை வளைத்து, விளிம்பில் பிசிறு இல்லாமல் அரத்தால் ராவி, மேலே பழைய போர்வைத் துணி சுற்றியது. வீட்டுப் பின்கட்டு வாசல்நிலையில் பேரப்பிள்ளைகளின் உயரத்தை ஒவ்வொரு பொங்கலன்றும் குறித்து வைப்பார். மற்றவர்களைப் போலப் பென்சில் கோடு போடமாட்டார். கோடு அழிந்துவிடும் என்று, பணிமனையில் இரும்பில் துளையிடும் முன் குறி வைப்பதற்குப் பயன்படுத்தும் சென்டர் பஞ்சை மரத்தில் வைத்துச் சுத்தியலால் ஒரே தட்டு. பேத்திக்கு ஒரு புள்ளி, பேரனுக்கு அருகருகே இரண்டு புள்ளி. ஆண்டை எங்கும் எழுதவில்லை. அது அவருடைய நாட்குறிப்பில் இருந்தது. "பாப்பா 118 செ.மீ., தம்பி 74" என்று பென்ஷன் வரவுக்கும் பால் கணக்குக்கும் நடுவில் எழுதியிருந்தார்.

பேரனுக்கு எட்டு வயதானபோது அரம் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். எனக்கு அது பிடிக்கவில்லை, கையைக் கிழித்துக்கொள்வான் என்று பயம். "தள்ளும்போதுதான் அது வெட்டும் கண்ணு. இழுக்கும்போது தூக்கிடணும், தேய்ச்சுக்கிட்டே வந்தா பல்லு மழுங்கிப் போகும்" என்று சொல்லி, பையனின் முழங்கையை உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நிலை எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. ஊட்டி மலை ரயிலின் நீராவி என்ஜின்கள் பழுதுபார்ப்புக்குப் பொன்மலைக்குத்தான் வரும் என்பதால், அந்தப் பல்சக்கரத்தைப் பற்றி அவர் சொன்ன கதைகளைக் கேட்டே பையன் சாப்பிடுவான். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 5 அன்று, 1946-இல் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த ஐந்து தொழிலாளர்களின் நினைவிடத்துக்குப் பேரனை அழைத்துப் போவார். பள்ளியில் அன்று ஆசிரியர் தினம் என்பதால் ஆசிரியைக்கு வாங்கிய ரோஜாப்பூவில் ஒன்றை அங்கே வைக்க வேண்டும் என்பது இருவருக்குள்ளும் இருந்த ஏற்பாடு.

இனி நடந்ததற்கு வருகிறேன். வீட்டில் இறப்பு நேர்ந்தால் முதலில் தேவைப்படுவது மருத்துவரின் சான்று. அது இல்லாமல் மயானத்தில் கேள்வி எழும், பின்னால் பதிவுக்கும் இடைஞ்சல் வரும். அப்பாவுக்கு வழக்கமாகச் சர்க்கரை நோய்க்கு மருந்து எழுதிக்கொடுக்கும் மருத்துவர் அன்று காலையே வந்து பார்த்து, இறப்பின் காரணத்தைக் குறிப்பிட்டுச் சான்று கொடுத்தார். வயதானவர்கள் இருக்கும் வீட்டில், அவர்களைத் தொடர்ந்து பார்க்கும் மருத்துவரின் கைப்பேசி எண் குறைந்தது இருவரிடமாவது இருக்க வேண்டும். ஓயாமரி மயானத்தில் தகனம் முடிந்ததும் கொடுத்த ரசீதையும் மருத்துவச் சான்றையும் ஒரே உறையில் போட்டு வைத்தேன். இறப்பை 21 நாட்களுக்குள் பதிந்துவிட வேண்டும். 30 நாள் வரை தாமதக் கட்டணத்தோடு பதியலாம். அதற்கு மேல் போனால் அனுமதி, கூடுதல் ஆவணங்கள் என்று வேலை பெருகும். ஓராண்டு கடந்தால் கோட்டாட்சியர் வரைக்கும் போக வேண்டும். இன்னொன்று, இறப்பு எங்கே நேர்ந்ததோ அந்த ஊரில்தான் பதிவு நடக்கும். மதுரை மருத்துவமனையில் இறந்தவரைத் திருச்சியில் பதிய முடியாது. கிராமமென்றால் கிராம நிர்வாக அலுவலர், மாநகராட்சியென்றால் அந்தந்தப் பகுதியின் சுகாதார அலுவலகம்.

சான்றிதழை அச்சிடும் முன் பெயரைச் சரிபார்க்கச் சொல்வார்கள். அந்த ஒரு நிமிடம் பின்னால் வரப்போகும் பல மாதங்களைத் தீர்மானிக்கிறது. நம் ஊரில் ஒருவருக்கு ஒரே பெயர் எங்கே இருக்கிறது? ரயில்வேயில் இனிஷியல் முன்னால், ஆதாரில் தகப்பனார் பெயர் முழுதாகப் பின்னால், வீட்டுப் பத்திரத்தில் "பிள்ளை" சேர்த்து, பாஸ்புக்கில் எழுத்து ஒன்று குறைவாக. இருக்கிற எல்லா ஆவணங்களையும் தரையில் பரப்பி, எதில் எப்படி இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பணம் வரவேண்டிய ஆவணம் எதுவோ அதோடு ஒத்துப்போகும்படி சான்றிதழில் பெயரைக் கேளுங்கள். பிறந்த தேதியும் இப்படித்தான். அப்பாவின் ஜாதகப்படி அவர் 1949 கார்த்திகையில் பிறந்தவர். பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் 1.6.1949 என்று போட்டுவிட்டார். மாதத்தின் முதல் தேதியில் பிறந்ததாகப் பதிவானவர் முந்தின மாதக் கடைசி நாளோடு ஓய்வு பெற வேண்டும் என்பது விதி. ஆகவே 2009 மே 31-இல் வெளியே வந்தார். அரையாண்டுச் சம்பளம் போயிற்றே என்று அம்மா சொல்லும்போதெல்லாம், "அந்த வாத்தியார்தான் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார், போகட்டும்" என்பார். அலுவலகத்துக்குப் பள்ளித் தேதி, அஞ்சலிக்கு ஜாதகத் தேதி என்று நாங்கள் வகுத்துக்கொண்டோம். தெருமுனை பேனரில் அச்சகத்தார் இரண்டையும் கலந்து போட்டுவிட்டதில் உறவுக்குள் ஒரு வாக்குவாதம் நடந்தது. தேதிகளை நீங்களே எழுதி, புகைப்படமாக அனுப்பிவிடுங்கள், வாயால் சொல்லாதீர்கள்.

பென்ஷன் விவகாரத்தில்தான் நான் மிகவும் நொந்துபோனேன். இறந்த நாள் வரைக்குமான ஓய்வூதியம் அவருக்குரியது. மறுநாளிலிருந்து துணைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் தொடங்கும். நான் வங்கிக்குச் சென்று வாய்மொழியாகத் தகவல் சொன்னேன். சான்றிதழோடு வரச் சொன்னார்கள். சான்றிதழ் கைக்கு வந்து நான் கொடுப்பதற்குள் அப்பாவின் பெயரில் இரண்டு மாதப் பென்ஷன் வழக்கம்போல வரவாகிவிட்டது. பிறகு அந்தத் தொகையை ஒரே நாளில் கழித்துக்கொண்டு, அம்மாவும் சேர்ந்த அந்தக் கணக்கையே நிறுத்தியும் வைத்துவிட்டார்கள். வீட்டுச் செலவுக்கு அம்மா தம் சங்கிலியை அடகு வைக்க எடுத்துக் கொடுத்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது. இறப்பை எழுத்து மூலம் தெரிவியுங்கள். சான்றிதழ் இல்லாவிட்டாலும் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ஏ.டி.எம். அட்டை கையில் இருக்கிறதே என்று இறந்தவரின் தனிக் கணக்கிலிருந்து பணம் எடுக்காதீர்கள். பின்னால் மற்ற வாரிசுகளிடமும் வங்கியிடமும் பதில் சொல்ல வேண்டிவரும். பென்ஷன் கணக்கு கணவன் மனைவி கூட்டுக் கணக்காக இருந்து, பென்ஷன் ஆணையிலும் மனைவி பெயர் இருந்தால், குடும்ப ஓய்வூதியத்துக்காகப் புதுக் கணக்கு தொடங்கச் சொல்லி வற்புறுத்தக்கூடாது என்று மத்திய அரசின் அறிவுறுத்தலே இருக்கிறது. அதைப் பணிவாக எடுத்துச் சொன்ன பிறகுதான் எங்கள் வேலை நகர்ந்தது.

தொகை எவ்வளவு குறையும் என்பதையும் முன்பே கணக்கிட்டு வைத்துக்கொள்வது நல்லது. கடைசி அடிப்படைச் சம்பளம் இன்றைய விகிதப்படி 44,900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பென்ஷன் அதில் பாதி, 22,450. குடும்ப ஓய்வூதியம் 30 சதவீதம், அதாவது 13,470. இரண்டுக்கும் அகவிலைப்படி தனி. ஓய்வுக்குப் பின் இறந்தவரின் குடும்பத்துக்கு ஏழு ஆண்டுகள் வரை, அல்லது அவர் இருந்திருந்தால் 67 வயது நிறையும் காலம் வரை, எது முந்துகிறதோ அதுவரை கூடுதல் விகிதம் உண்டு; அப்பா 74 வயதில் போனதால் அது எங்களுக்கில்லை. ஓய்வு பெறும்போது பென்ஷனில் ஒரு பகுதியை மொத்தமாக வாங்கியவர்களுக்கு மாதா மாதம் பிடிக்கும் தொகை 15 ஆண்டுகள் கழித்து நின்றுவிடும். அப்பாவுக்கு அது 2024-இல் நிற்க வேண்டும். "அடுத்த வருஷம் அந்தப் பிடித்தம் நின்றதும், அது பாப்பாவின் காலேஜ் செலவுக்கு" என்று நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் எழுதி அடிக்கோடும் இட்டிருந்தார். அதைப் பார்த்த அன்று என்னால் வேறு வேலை எதுவும் செய்ய முடியவில்லை. அந்தப் பிடித்தம் குடும்ப ஓய்வூதியத்தைத் தொடாது என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

பென்ஷன் ஆணையில் அம்மாவின் பெயருக்குப் பின்னால் "அம்மாள்" இருந்தது, ஆதாரில் இல்லை. பிறந்த தேதிக்கான இடமும் காலியாக இருந்தது. இந்த இரண்டையும் சரிசெய்து தருகிறேன் என்று ஓர் இடைத்தரகர் 6,000 ரூபாய் வாங்கிக்கொண்டு காணாமல் போனார். கடைசியில் அது நோட்டரி கையெழுத்திட்ட ஓர் உறுதிமொழிப் பத்திரத்திலும் நேரில் கொடுத்த ஒரு விண்ணப்பத்திலும் முடிகிற காரியமாகத்தான் இருந்தது. துணைவியின் பிறந்த தேதி ஆணையில் ஏறியிருப்பது அவசியம். குடும்ப ஓய்வூதியருக்கு 80 வயது நிறைந்ததும் கிடைக்கும் 20 சதவீதக் கூடுதல் அதை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. அப்பா உயிரோடிருக்கும்போதே இவற்றைப் பார்த்துச் சரிசெய்வது பத்து மடங்கு எளிது. உங்கள் வீட்டில் ஓய்வூதியர் இருந்தால், அந்த ஆணையை இந்த வாரமே ஒரு தடவை எடுத்துப் படித்துவிடுங்கள். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் போதும். வீடு, பட்டா, மின் இணைப்பு எல்லாவற்றுக்கும் அதுதான் கேட்பார்கள். அதில் எங்களுக்குச் சிக்கல் வரவில்லை.

இவ்வளவு அலைச்சலில் நான் எதை இழந்துகொண்டிருந்தேன் என்பது கார்த்திகை மாதத்தில்தான் தெரிந்தது. அப்பாவின் கைப்பேசி அவருடைய விரல்ரேகையால் மட்டுமே திறக்கும். கோடு போட்டுத் திறக்கும் குறி என்னவென்று எங்கள் யாருக்கும் தெரியாது. அதற்குள்தான் அவர் பேசிப் பதிவு செய்த குரல் இருந்தது. எழுத்து சிறியதாகத் தெரிகிறது என்று அவர் வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்யவே மாட்டார், எதையும் பேசித்தான் அனுப்புவார். பேரனுக்குக் கதை சொல்லி அவன் தூங்கும் வரை பதிவு செய்ததும் அதில்தான் இருந்தது. உள்ளே இருக்கிற எதுவும் அழியக்கூடாது, அழியுமென்றால் தொடவே வேண்டாம் என்று சொல்லி, கடைத்தெருவில் ஒரு பழுதுபார்க்கும் கடையில் கொடுத்தேன். 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, மறுநாள் மாலை புத்தம் புதிதாகத் திறந்து கொடுத்தார்கள். முழுவதும் அழிக்கப்பட்டிருந்தது. "அக்கா, லாக் எடுக்கணும்னா ரீசெட் பண்ணித்தான் ஆகணும்" என்று அந்தப் பையன் சர்வசாதாரணமாகச் சொன்னான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லவில்லை. அப்பா இரண்டாம் முறை இறந்துபோனதாகவே எனக்குத் தோன்றியது.

சில நாட்கள் கழித்துத்தான், கரூரில் இருக்கும் என் அத்தை தொலைபேசியில் பேசும்போது, "அண்ணன் போன பொங்கலுக்குப் பேசி அனுப்பினது இன்னும் என் போன்ல கிடக்கு, தினமும் கேக்கறேன்" என்றார். அப்போதுதான் வழி புலப்பட்டது. அனுப்பியவரின் கைப்பேசி அழிந்தாலும், பெற்றவர்களின் கைப்பேசிகளில் அந்தக் குரல் அப்படியே இருக்கும். என் கைப்பேசியில், கணவரின் கைப்பேசியில், அத்தையிடம், போத்தனூரில் இருக்கும் அவருடைய பழைய நண்பரிடம், பால்காரரிடம், பேரனின் பள்ளி வேன் ஓட்டுநரிடம் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு வாங்கினேன். வேன் ஓட்டுநரிடம் இருந்தவை எல்லாம் ஒரே மாதிரி: "தம்பி, குடை கொடுத்து விட்டிருக்கேன், மறக்காம வாங்கிட்டு வரச் சொல்லு." "தம்பி, இன்னிக்கு அவனுக்குச் சளி, ஜன்னல் ஓரம் உக்கார வைக்காதே." கதை எதுவும் மீளவில்லை. ஆனால் இந்தச் சிறு வாக்கியங்களில் அவர் முழுசாக இருக்கிறார். பேச்சைத் தொடங்கும் முன் தொண்டையைச் செருமும் அந்த ஓசை கூட.

இதைச் செய்ய வேண்டியவர்களுக்குச் சில குறிப்புகள். இறந்தவரின் சிம்மை உடனே நிறுத்திவிடாதீர்கள். வங்கி, ஆதார், ரயில்வே என எல்லா இடத்திலிருந்தும் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். மூன்று மாதம் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால் எண் துண்டிக்கப்பட்டு வேறொருவருக்குப் போய்விடக்கூடும் என்பதால், குறைந்த ரீசார்ஜாவது செய்து இன்னொரு கைப்பேசியில் போட்டு வையுங்கள். வாட்ஸ்அப் கணக்கு 120 நாட்கள் இயங்காமல் இருந்தால் அழிந்துபோகும். பிறரிடம் குரல் பதிவைக் கேட்கும்போது, ஒவ்வொன்றாக ஃபார்வர்டு செய்யச் சொல்வதைவிட, அந்த உரையாடலை மொத்தமாக எக்ஸ்போர்ட் செய்து மின்னஞ்சலில் அனுப்பச் சொல்வது நல்லது. தேதியும் சேர்ந்து வரும். ஆனால் அதில் அவர்களுடைய சொந்தப் பேச்சும் இருக்கும், ஆகையால் தயங்குபவர்களை நெருக்காதீர்கள். பூட்டிய கைப்பேசியை எந்தக் கடையிலும் கொடுக்காதீர்கள். அதோடு இணைந்த கூகுள் கணக்கில் புகைப்படங்களின் காப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே திறக்கும் குறியை ஒரு தாளில் வரைந்து வாங்கி, பாஸ்புக்கோடு வைத்துவிடுங்கள். அதைக் கேட்பது சாவைப் பேசுவது போலாகுமே என்று பலர் கூசுகிறார்கள். பீரோச் சாவி எங்கே என்று கேட்கக் கூசுவதில்லையே.

நண்பர்களைத் தேடிச் சென்றதில்தான் நான் அறியாத அப்பா கிடைத்தார். 1974 மே 8-இல் தொடங்கிய அகில இந்திய ரயில்வே வேலைநிறுத்தத்தில் அவர் கலந்துகொண்டார் என்று தெரியும். வேலை போய்த் திரும்பக் கிடைத்தது என்பதும் தெரியும். அதற்குமேல் அவர் பேசியதில்லை. செந்தண்ணீர்புரத்தில் வசிக்கும் அவருடைய சகா ஒருவர் சொன்னார்: வேலையிழந்திருந்த நாட்களில் அப்பா சங்கிலியாண்டபுரத்தில் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினாராம். கிடைத்த கூலியில் பாதியை, பிள்ளைகுட்டியோடு தவித்த இன்னொரு தொழிலாளியின் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பாராம். "உங்கப்பன் அப்ப கலியாணம் ஆகாதவன். எனக்கு வயிறு ஒண்ணு, அவனுக்கு வயிறு அஞ்சுன்னுவான். அந்த அஞ்சு வயித்துல ஒண்ணு என்னோடது" என்றார். அவர் அழவில்லை, நான்தான் அழுதேன். நாற்பது வயதைக் கடந்த பிறகு, தகப்பனைப் பற்றி இப்படி ஒன்றைத் தெரிந்துகொள்வதில் பெருமையும் இருக்கிறது, அவரிடமே கேட்டிருக்க முடியாமல் போன துயரமும் இருக்கிறது.

முதியவர்களிடம் இப்படிக் கேட்கப் போகிறவர்கள் காலை வேளையில் போங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் அவர்கள் களைத்துவிடுவார்கள். "அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால், நல்ல மனிதர், தங்கமான மனிதர் என்பதோடு நின்றுவிடும். ஏதாவது ஒரு பொருளைக் கையில் கொண்டுபோங்கள். நான் அப்பாவின் பித்தளை டோக்கனையும் ஒரு குழுப் புகைப்படத்தையும் கொண்டுபோனேன். டோக்கனைப் பார்த்ததும் ஒருவர் பணிமனைச் சங்கு ஊதுவதற்குள் வாயிலைத் தொட ஓடிய ஓட்டத்தையும், வழியில் யார் யார் விழுந்தார்கள் என்பதையும் ஒரு மணி நேரம் சொன்னார். அனுமதி கேட்டுப் பதிவு செய்யுங்கள், அன்று இரவே தாளிலும் எழுதிவிடுங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயர்களைக் கேட்டதும், பின்புறம் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பந்துமுனைப் பேனா முன்பக்கம் தடம் பதிக்கும். என்னிடம் நான்கு பெயர்களைச் சொன்ன ஒருவர் அடுத்த மாசியில் காலமாகிவிட்டார். அந்தப் பெயர்களைச் சொல்ல இப்போது வேறு யாரும் இல்லை.

பழைய படங்களைப் பற்றி இன்னொரு வார்த்தை. சட்டத்துக்குள் இருக்கும் படம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம். சிறிய பாஸ்போர்ட் அளவுப் படமென்றால் 600 டி.பி.ஐ. வைத்து எடுங்கள்; பெரிதாக்கினாலும் கெடாது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

மலரை முதலாமாண்டு நினைவு நாளுக்குள் கொண்டுவர நினைத்தேன். 48 பக்கம், 150 பிரதி, 14,000 ரூபாய் என்று ஓர் அச்சகத்தில் பேசினோம். நான் கணினியில் யூனிகோடில் தட்டச்சு செய்து கொடுத்ததை, அவர்கள் தங்களிடம் இருந்த பழைய எழுத்துருவுக்கு மாற்றிப் பக்கம் அமைத்தார்கள். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிவிட்டன. "பொன்மலை" பாதி இடங்களில் படிக்க முடியாத உருவில் வந்தது. அப்பா பிறந்த ஆண்டு ஒரு பக்கத்தில் 1994 ஆகியிருந்தது. சரிபார்க்கத் திரையில் காட்டிய பக்கங்கள் சரியாகத்தான் இருந்தன. அச்சானது வேறு கோப்பு. மறு அச்சுக்கு மேலும் 9,000 ரூபாய் கேட்டு வாங்கினார்கள். நினைவு நாள் நெருங்கிக்கொண்டிருந்ததால் வேறு அச்சகம் தேட நேரமில்லை. ஆகையால் யூனிகோடிலேயே பக்கம் அமைக்கத் தெரிந்த அச்சகமா என்று முதலில் கேளுங்கள். எழுத்துருவை உள்ளடக்கிய பி.டி.எஃப். கோப்பை நீங்களே கொடுங்கள். முழுத் தொகையையும் முன்பணமாகக் கொடுக்காதீர்கள். மொத்தமாக அச்சிடும் முன், தாளில் ஒரே ஒரு பிரதி எடுத்து, ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் மூலத்தோடு ஒப்பிட வேண்டும். எண்களை விரல் வைத்துப் பாருங்கள். நடுவில் பின் அடிக்கும் மலரென்றால் பக்கங்கள் நான்கால் வகுபட வேண்டும் என்பதை மனத்தில் வைத்து எழுதுங்கள், இல்லாவிட்டால் கடைசியில் எதையாவது வெட்ட நேரும்.

மலரில் புகழ்மொழிகளைக் குறைத்துக்கொண்டேன். சைக்கிள் இருக்கையின் படம், நாட்குறிப்பின் சில பக்கங்கள் அவர் கையெழுத்திலேயே, வாசல்நிலைப் புள்ளிகள், 1974 பற்றி நண்பர் சொன்னது, அம்மா சொல்ல நான் எழுதிய அவர்களுடைய கலியாணக் கதை ஆகியவற்றைப் போட்டேன். மகள் ஒரு பக்கம் எழுதினாள். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முந்தைய இரவு தாத்தா தன்னைப் படி என்று சொல்லவே இல்லை, ஐந்து பென்சில்களைச் சீவி, முனைகள் ஒரே நீளத்தில் இருக்கின்றனவா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்த்து வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார் என்று எழுதியிருந்தாள். மகன் எழுதமாட்டேன் என்றான். அரம் பிடிக்கும் கையை வரைந்து கொடுத்தான். முழங்கை உடம்போடு ஒட்டித்தான் இருந்தது.

150 பிரதிகளில் பெரும்பகுதியை நினைவு நாளன்று வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டோம். குரல் பதிவுகளைத் தேதிவாரியாகப் பெயரிட்டு, எங்கும் ஒலிக்கும்படி எம்பி3 ஆக மாற்றி, ஒரு பென் டிரைவிலும், என் மின்னஞ்சல் கணக்கோடு சேர்ந்த கிளவுடிலும், மஸ்கட்டில் கணவரின் கணினியிலும் வைத்திருக்கிறேன். அத்தையின் கைப்பேசி பழசாகிவிட்டது, மாற்றப் போகிறேன் என்கிறார். மாற்றும் முன் ஒரு நடை கரூருக்குப் போய், அதில் இன்னும் நான் வாங்காத பழைய பதிவுகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.